திட்டத்தைக் கேட்டபிறகே பொருளை எடுத்துத் தரும் மூணாறு மாடிக்கடை

மூணாறு கடைவீதியில் மலைப்பயணப் பொருள்களை வாடகைக்குத் தரும் மாடிக்கடை ஒன்று இருக்கிறது. காய்கறிச் சந்தையை ஒட்டிய சந்தில் நுழைந்து யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். முதுகுப்பை, கூடாரம், உறக்கப்பை, மழைச்சட்டை, ஊன்றுகோல், அடுப்பு ஆகியவை வாடகைக்குக் கிடைக்கின்றன. கையுறை, கம்பளிக் காலுறை, அட்டைக்கடியைத் தடுக்கும் நீள்காலுறை போன்றவை விலைக்குக் கிடைக்கின்றன. பொருள்களின் தரத்தை மட்டும் வைத்துச் சொன்னால் இது நடுத்தரமான கடைதான். ஆனால், சுமையைத் தானே சுமந்துகொண்டு பல நாள் ஏறி இறங்கவேண்டிய ஒரு பயணத்தைத் திட்டமிடுகிறவருக்கு, பொருளைத் தொடுமுன் அங்கே கிடைக்கும் ஆலோசனை மிகப் பெறுமதியானது என்பது என் உறுதியான கருத்து. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த ஆலோசனையைப் பற்றியதாகவே இருக்கும்.

கடையின் வாடிக்கையாளர்களில் பலர் மீசப்புலிமலைக்கு ஓரிரவு போய்வரும் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு ஒரு குளிர்ச்சட்டையும் நெற்றிவிளக்கும் போதும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நாங்கள் போனது வேறு நோக்கத்துக்காக. எஸ்டேட் பள்ளியில் என்னுடன் பணிபுரியும் ஆசிரியை, அவருடைய கணவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி, நான் ஆகிய நால்வரும் இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு ஒரு கணவாயைக் கடந்து நடக்க விரும்பினோம். இதைச் சொன்னதும் கடைக்காரர் அலமாரியைத் திறக்காமல், எங்களை உட்காரவைத்து ஒரு தாளை எடுத்தார். திட்டமிடலுக்கென்று ஒரு சிறு கட்டணம் உண்டு. பொருள் எடுத்தால் அது வாடகையில் கழிக்கப்படும். இந்த ஏற்பாடு நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. ஆலோசனைக்குத் தனிக் கூலி இருப்பதால், தேவையில்லாத பொருளை நம் தலையில் கட்டவேண்டிய அவசியம் கடைக்காரருக்கு ஏற்படுவதில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வியே பாதை பற்றியதாக இருந்தது. என் தம்பி 'பின் பார்வதி' என்ற கணவாயைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தான். அதன் உயரம் 5,319 மீட்டர். பார்வதிப் பள்ளத்தாக்கில் தொடங்கிப் பனியாற்றின் மீது ஏறி, ஸ்பிதிப் பக்கமுள்ள 'பின்' என்ற பள்ளத்தாக்கில் இறங்கவேண்டும். கடைக்காரர் அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு முகாமுக்கும் எதிரே, அங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி வரும் சாலைக்கு எத்தனை நாள் நடக்கவேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதி முடித்தபோது, பனியாற்றில் கயிறு கட்டி நடந்து பழகாத நால்வருக்கு அந்தப் பாதை ஏற்றதன்று என்பது தாளிலேயே தெரிந்தது. அதே 'பின்' பள்ளத்தாக்கின் முத் கிராமத்துக்குக் கிண்ணௌர் மாவட்டத்தின் காஃப்னூ கிராமத்திலிருந்து செல்லும் பாபா கணவாய்ப் பாதை, ஏறத்தாழ 4,900 மீட்டர் வரை ஏறினாலும், குறைந்த நாள்களில் முடிகிறது. முதல் பாதி முழுவதும் வந்த வழியே இறங்கிவிடவும் முடியும். அதையே தேர்ந்தோம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தாமல் போனால் பொருள் தரமாட்டேன் என்றும் அவர் சொன்னார். வாடகை இழப்பைப் பொருட்படுத்தாத அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

அடுத்ததாக வந்தது உயரம். இங்கே அவர் எடுத்துக்கொண்ட நேரம் மிக அதிகம், அது முற்றிலும் தகும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் வராது என்ற எண்ணம் எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பரவலாக இருக்கிறது. மூணாறு நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கு. பாபா கணவாயின் உச்சியில் அது பாதிக்குச் சற்று மேல்தான். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தொடங்குகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். "அக்கா, மூணாறுல பொறந்தது மூணாறு வரைக்குந்தான் உதவும்" என்று அவர் சொன்னது என் தம்பிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது உண்மை.

மலை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் விதியை அவர் தாளின் தலைப்பில் எழுதினார்: 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்கவேண்டும். பாபா பாதையின் முகாம்களை இந்த விதியில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரிகிறது. காஃப்னூ ஏறத்தாழ 2,400 மீட்டர், முல்லிங் 3,200-ஐ ஒட்டியது, காரா 3,500-ஐத் தாண்டியது, கணவாய்க்கு அடியிலுள்ள புஸ்திராங் 4,100-க்கு மேல். விளம்பரங்களில் வரும் நாள்வாரித் திட்டங்கள் இவற்றை அடுத்தடுத்த இரவுகளாக அடுக்குகின்றன. கடைக்காரர் அதை இரண்டு இடங்களில் மாற்றினார். வாங்டுவில் பிரியும் காஃப்னூச் சாலையில் உடனே திரும்பாமல், மேலே 2,960 மீட்டரிலுள்ள கல்பாவுக்குப் போய்த் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டு திரும்பி வரச் சொன்னார். காராவில் ஓர் இரவைக் கூட்டினார். இதனால் விடுப்பு அதிகமாக எடுக்கவேண்டி வந்தது. எங்களில் ஒருவருக்கு அதில் வருத்தமும் இருந்தது. ஆனால் காராவில் என் தோழிக்குத் தலைவலியும் குமட்டலும் தொடங்கியபோது, அந்தக் கூடுதல் இரவு இருந்ததாலேயே அவர் தேறிக் கணவாயைக் கடக்க முடிந்தது.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசிடசோலமைடு மாத்திரையைப் பற்றியும் பேச்சு வந்தது. கடைக்காரர் அதை விற்பதில்லை, அளவையும் சொல்வதில்லை. மருத்துவரிடம் போங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நடை தள்ளாடினாலும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், விடியும்வரை காத்திராமல் உடனே இறங்கவேண்டும் என்பதைத் தாளில் சிவப்பு மையால் எழுதி, நால்வரையும் தனித்தனியே வாசிக்கவைத்தார். பொருள் வாடகைக்குத் தரும் ஒருவர் எதுவரை பேசலாம், எங்கே மருத்துவருக்கு வழிவிட வேண்டும் என்ற தெளிவு அவரிடம் இருக்கிறது.

பருவத்தைத் தேர்ந்ததிலும் அவர் கணக்கு சரியாகவே இருந்தது. ஜூனில் கணவாயில் பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் கிண்ணௌர்ப் பக்கச் சரிவுகளில் மழை. சாலையே பல இடங்களில் சரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை வடமேற்கு இந்தியாவிலிருந்து விலகத் தொடங்கும் வழக்கமான தேதி செப்டம்பர் 17 என்பதால், அதையொட்டி நடக்கத் தொடங்கும்படி அமைத்தார். பனி உருகி ஓடும் ஓடைகள் பிற்பகலில் பெருகி, விடியலில் வற்றியிருக்கும்; ஆகவே ஓடையைக் கடக்கும் நாளில் நடை எந்நேரத்தில் தொடங்கவேண்டும் என்பதும் தாளில் இருந்தது. ஓடையில் இறங்குமுன் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பையை உதறிவிட்டு எழவேண்டும் என்பதைக் கடையிலேயே எங்களுக்கு வெறும் பையை மாட்டிப் பழக்கினார்.

இனி பொருள்கள். முதுகுப்பையைப் பொருத்தும் வேலை இந்தக் கடையின் பெருமை. கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை தையல்நாடாவால் அளந்து, அந்த முதுகு நீளத்துக்கேற்ற பையைத்தான் தருகிறார்கள். ஆளின் உயரத்தை வைத்து ஊகிப்பதில்லை. என்னைவிட உயரமான தம்பிக்கு முதுகு என்னைவிடக் குட்டை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு பைக்குள் மணல்மூட்டைகளைப் போட்டு, முதலில் இடுப்புப் பட்டை, அடுத்துத் தோள்பட்டை, கடைசியாகப் பையின் மேற்பகுதியைத் தோளை நோக்கி இழுக்கும் மேலிழுப்புப் பட்டை என்ற வரிசையில் இறுக்கி, மாடிப்படிகளில் ஏறி இறங்கச் செய்கிறார்கள். சுமையின் பெரும்பகுதி இடுப்பில் அமரவேண்டும். கொழுந்து மூட்டையைத் தலையிலும் முதுகிலும் சுமந்து பழகிய எங்கள் ஊர் உடம்புக்கு இது புதிய பழக்கம், சில வாரம் பிடிக்கும்.

மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கவேண்டும், கால் பங்கைத் தாண்டவே கூடாது என்று தராசை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். பருத்தித் துணிகள் அனைத்தையும் வெளியே எடுத்து வைத்தார். நனைந்த பருத்தி காய்வதில்லை, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். என் தோழி குளிருக்கென்று வைத்திருந்த கனத்த கம்பளி கூட எடுக்கப்பட்டது. அதற்குப் பதில் மெல்லிய உள்ளாடை, நடுவில் கம்பளிநூல் சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத சட்டை என்று மூன்று அடுக்குகள். ஏறும்போது கழற்றி, நின்றதும் போட்டுக்கொள்ளும் இந்த அடுக்கு முறை கணவாய் நாளில் மிகவும் உதவியது.

உறக்கப்பைகள் நன்றாகவே இருந்தன. அவற்றில் இரண்டு வெப்ப அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும்: வசதியாக உறங்கக்கூடிய அளவு, தாங்கக்கூடிய எல்லை அளவு. விற்பனையாளர்கள் எல்லை அளவையே பெரிதாகச் சொல்வார்கள். இவர் வசதி அளவைப் பார்த்தே தந்தார். இறகு நிரப்பியவை எடை குறைந்தவை, ஆனால் நனைந்தால் சூடு தராது என்பதால் ஒவ்வொன்றுக்கும் நீர்புகா உறை கூடவே தரப்படுகிறது. கீழே விரிக்கும் பாய்தான் தரையின் குளிரைத் தடுக்கிறது என்று சொல்லிப் பாயில் மிச்சம் பிடிக்க விடவில்லை. கூடாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருவர் படுக்கும் அளவு, இரண்டடுக்கு, காற்றுக்கு நின்றன.

அடுப்பும் உணவும் பற்றிய பகுதி, சமைக்கத் தெரிந்தவர்களுக்கு மிகவும் சுவையானது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. மூணாற்றிலேயே அது 95 அளவில்தான். புஸ்திராங்கில் 86 அளவில். அங்கே திறந்த பாத்திரத்தில் அரிசியும் துவரம்பருப்பும் வேகும் என்று எதிர்பார்ப்பது எரிபொருளை வீணாக்குவதுதான். ஆகவே உணவுப்பட்டியலில் வேகவைக்கும் தேவை இல்லாதவை அல்லது முன்பே வறுத்தவை மட்டும் இடம்பெற்றன: அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், பருப்புப்பொடி, சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், நெய். வெந்நீரில் ஊறிய அவலில் புளிக்காய்ச்சலைக் கலந்து, நெய் விட்டு உண்டது அந்தக் குளிரில் தேவாமிர்தமாக இருந்தது. வழிகாட்டியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மறையூர் வெல்லத்தைச் சிறு உருண்டைகளாக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி சொன்னதும் நல்ல யோசனை. உயரத்தில் பசி மந்தப்படும். உட்கார்ந்து உண்ண முடியாதபோதும் வெல்லம் இறங்கும்.

எரிவாயு விஷயத்தில் அவர் சொன்னது பலருக்குத் தெரிந்திருக்காது. பியூட்டேன் சுழிய டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். அதனால் வெறும் பியூட்டேன் உருளை உறைகுளிரில் எரியாது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த உருளையே வேண்டும். எந்த உருளையையும் ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகக் கூடாது என்பதால், அடுப்பின் தலையை மட்டும் தந்து, உருளையை வழிகாட்டி மூலம் அங்கேயே வாங்க ஏற்பாடு செய்தார். குடிநீரைப் பொறுத்தவரை, 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதித்தால் கிருமிகள் அழியும். கொதிநிலை குறைவதால் நீர் பாதுகாப்பற்றதாகிவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. குளோரின் மாத்திரை போட்டால் குறைந்தது அரை மணி நேரம், குளிர்ந்த நீரென்றால் இன்னும் அதிகம் பொறுக்கவேண்டும். இவ்வளவையும் ஒரு சிறு அட்டையில் தமிழில் அச்சிட்டுத் தருகிறார்கள், மலையாளத்திலும் உண்டு. செயற்கைக்கோள் தொலைபேசி கேட்ட ஒருவருக்கு, உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம் என்று விளக்கித் திருப்பி அனுப்பியதையும் நான் இருக்கும்போதே கண்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய மாதங்களுக்கும் ஒரு பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். மழைச்சட்டையைச் சோதிக்க மூணாற்றின் ஜூன் மாதத்தைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. எடுத்த சட்டையை இரண்டு மணி நேரம் மழையில் போட்டு நடந்து, உள்ளே நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். பையில் எடையை வாரந்தோறும் சிறிது கூட்டித் தேயிலைத் தோட்டச் சரிவுகளில் நடந்தோம். ஏறுவதைவிட இறங்குவதற்கே முழங்காலைப் பழக்கவேண்டும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சுமையோடு நீண்ட ஒத்திகை நடைக்கு, கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்தும் முறையான மீசப்புலிமலைப் பயணத்தில் சேரச் சொன்னார். குறுக்குப் பாதைகளில் காட்டுக்குள் நுழையும் யோசனையைக் கேட்கக்கூட அவர் தயாராக இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை, கொழுக்குமலைக்கு இந்தப் பக்கம் வாழ்கிற எங்களால் மறக்க முடியாது. அந்தப் புல்வெளி எங்கள் மலையின் மறுசரிவுதான். அனுமதி என்பது வெறும் காகிதச் சடங்கன்று, யார் எந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரிந்திருக்கும் ஏற்பாடு என்று அவர் சொன்னபோது, எங்களிடம் அதற்கு மறுமொழி இல்லை. அதே முறையில் எங்கள் நாள்வாரித் தாளின் ஒரு படியைக் கடையிலும் வைத்துக்கொண்டார். முத் கிராமத்தை அடைந்து தகவல் சொல்லும் கடைசி நாளும், அது தாண்டினால் யாரை அழைப்பது என்பதும் அதில் இருந்தன.

குறைகளையும் சொல்லவேண்டும். பெண்களுக்கான பூட்ஸ் இந்தக் கடையில் ஏறக்குறைய இல்லை. ஆண்களுக்கான சிறு அளவைக் காட்டி, கூடுதல் காலுறை போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார்கள். குதிகால் வழுக்கிக் கொப்புளம் வருவதற்கு அது நேரான வழி. நானும் தோழியும் கொச்சிக்குப் போய் வாங்கிவந்து, பல வாரம் போட்டுப் பழகினோம். பெண்களின் தோளுக்கேற்ற வளைவுப் பட்டை கொண்ட பைகளும் மிகக் குறைவு. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கிடைக்காது. மற்றவற்றில் இவ்வளவு கவனம் உள்ளவர்கள் இதில் அசட்டையாக இருப்பது நியாயமில்லை. மூணாற்றில் மலையேற வரும் பெண்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருவது அவர்களுக்குத் தெரியாததன்று.

மழைக்கால்சட்டைகளின் தையல் ஓரங்கள் பழையவை. இரண்டில் நீர் புகுந்தது. ஒரு கூடாரத்தின் பல்லிணைப்பு (ஜிப்) பாதி வழியில் பழுதாகி, ஊசியும் நூலும் கொண்டு தைத்து மூடவேண்டியதாயிற்று. திரும்பக் கொடுக்கும்போது அதைச் சொன்னதும் அந்த நாள்களின் கூடார வாடகையைத் தள்ளிக்கொடுத்தார்கள். எனினும் வெளியே அனுப்புமுன் ஒவ்வொரு கூடாரத்தையும் ஒருமுறை விரித்துப் பார்ப்பது அவர்களின் கடமை. முன்பணமும் அதிகம், பொருளின் விலையில் பாதிக்கு நிகராகக் கேட்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களுக்கு அது எளிதில் எட்டாது. அடையாளச் சான்றும் உள்ளூரில் ஒருவரின் பொறுப்பும் இருந்தால் முன்பணத்தைக் குறைப்பது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். விரைவில் அதைச் செயலில் காட்டவேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தக் கடைக்குப் போக நினைக்கிறவர்கள் மே மாத விடுமுறையையும், ஓணம், கிறிஸ்துமஸ் நாள்களையும் தவிர்க்கவும். அந்நாள்களில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்தில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. வார நாள்களில் பிற்பகல் நல்லது. பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே, உடன்வரும் அனைவரையும் அழைத்துக்கொண்டு, நடக்கப்போகும் பூட்ஸையும் தடித்த காலுறையையும் போட்டுக்கொண்டு போங்கள். அண்மையில் எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள் இருந்தால் கொண்டுபோகவும். காப்பீடு எடுத்திருந்தால், எத்தனை மீட்டர் உயரம் வரை அது செல்லும் என்ற விதியைப் படித்துக் குறித்துக்கொண்டு போகவும். அவர் கட்டாயம் கேட்பார். பொருள்களைப் பெறும் நாளில் கூடாரத்தைக் கடை முன்னாலேயே விரித்து, பல்லிணைப்புகளையும் தையல் ஓரங்களையும் நீங்களே ஒருமுறை சரிபார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.